பேரிங்கைக் குறை சொல்லும் முன் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள்

மாவு மில், ரைஸ் மில், எண்ணெய்ச் செக்கு, கிணற்று மோட்டார் என்று ஏதாவது ஒரு மிஷினை நம்பிப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மிஷினில் ஷாஃப்ட்டை, அதாவது சுற்றுகிற இரும்புத் தண்டைத் தாங்குகிற பேரிங் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகிறதா, வருகிற ஃபிட்டர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்கிறாரா, அப்படியென்றால் அடுத்த பேரிங் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதை முன்கூட்டியே சொல்ல யாரும் இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷமும் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேலும் போன பிறகு, ஒரு செல்போனை வைத்தே வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் மில் சீவலப்பேரிப் பக்கம். சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற ஊர் என்று சொன்னால் திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும். கல் மிஷின் ஒன்று, வத்தல் மல்லி அரைக்கிற பல்வரைசர் ஒன்று, அரிசி மாவுக்குத் தனியாக ஒன்று. வீட்டுக்காரர் சவுதியில் தம்மாமில் இருக்கிறார். மில்லையும் மாமியாரையும் பிள்ளையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். அந்தப் படிப்பு இத்தனை வருஷம் கழித்து மில்லுக்குள் உதவும் என்று நினைத்தே பார்த்ததில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. எங்கள் மில்லுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டி, மோட்டார்களைக் கழற்றி வைண்டிங்குக்குக் கொடுத்து, பெல்ட், பேரிங் எல்லாம் புதுசாக மாற்றி, தரையையும் புதுசாகப் பூசி, பொங்கல் கழிந்துதான் திறந்தோம். அந்தச் செலவை இந்த அறுபதாயிரத்தில் நான் சேர்க்கவில்லை. அது வெள்ளத்தின் கணக்கு, ஊரில் எல்லாருக்கும் இருந்தது.

முதல் பேரிங் போனது பங்குனியில். வருஷத்துக்கு வேண்டிய வத்தலையும் மல்லியையும் வெயிலில் காயவைத்து மூட்டையாகக் கொண்டுவந்து அரைக்கிற மாதம் அது. எங்கள் மாதிரிச் சின்ன மில்லுக்கு அந்தச் சீசன் வரும்படிதான் பாதி வருஷச் சோறு. பல்வரைசரில் பெல்ட் பக்கத்துப் பேரிங் சூடாகி, கத்தி, புகைந்து நின்றுபோனது. தண்ணீரில் கிடந்த மிஷின், ஏதாவது மிச்சம் இருக்கும் என்று மாற்றினோம். சில வாரத்தில் மறுபடியும் அதே பேரிங். ஒருவர் வந்து, நீங்கள் வாங்கியது டூப்ளிகேட் என்றார். நல்ல கடையில் பில்லோடு வாங்கிப் போட்டோம். அதுவும் போனது. அடுத்து வந்தவர் பெல்ட் ரொம்ப இறுக்கம் என்றார். தளர்த்தினால் பெல்ட் வழுக்கி மிளகாய் அரைபடவில்லை. இன்னொருவர் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது என்று பேட்டை லேத்துக்குக் கொண்டுபோய்ப் புதுசாகக் கடைந்துவந்தார். உள்ளே சுற்றி அரைக்கிற ரோட்டரை பேலன்சிங்குக்கு அனுப்பினோம். பேலன்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்த்துவிட்டோம் என்று சொல்லி அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் மோட்டார் வைண்டிங் சரியில்லை என்று அதையும் இரண்டாம் முறை கட்டினோம்.

பணத்தைவிட என்னை அதிகம் அரித்தது வேறொன்று. வருகிற ஃபிட்டர்கள் பழைய பேரிங்கை என் கையில் கொடுப்பார்கள். காரணத்தை மட்டும் தம்மாமுக்கு போன் போட்டு அவரிடம் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மிஷினின் சத்தத்தைக்கூடக் கேட்காத மனிதர் அவர். நான் இரண்டடி தள்ளி நிற்பேன். அவர் வேலை முடிந்து களைத்துப்போய், ராத்திரி என்னிடம் “பாத்து ஓட்டக்கூடாதா” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே பிடிக்காமல் போனை வைத்திருக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் பாளையங்கோட்டைக்குப் போக ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க வந்தவர்கள், பக்கத்தில் பல்வரைசர் நிற்பதைப் பார்த்துவிட்டு, “இதையும் சீக்கிரம் வித்துருவியளோ” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மில்லைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கழற்றுகிற ஒவ்வொரு பேரிங்கையும் தூக்கி எறியாமல் தேதி எழுதி வையுங்கள். எந்தப் பக்கத்துப் பேரிங், எந்த மாதம் போட்டது, உள் வளையத்தில் தேய்ந்திருக்கிறதா வெளி வளையத்திலா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஆரம்பத்தில் இருந்தே கணக்கு நோட்டில் எழுதிவந்தேன், அது பின்னால் ரொம்ப உதவியது. கடை மாறியது, கம்பெனி மாறியது, ஷாஃப்ட்டே மாறியது. போனது மட்டும் பெல்ட் பக்கத்துப் பேரிங்தான். மறுபக்கத்துப் பேரிங் பொங்கலுக்குப் போட்டது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நோட்டைப் பார்த்தால் பேரிங் மேல் தப்பு இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் எதன் மேல் தப்பு?

மிஷின் நடுங்குகிறது என்பது கையை வைத்தாலே தெரியும். எது எதை ஆட்டுகிறது என்பது கைக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே நடுக்கமாகத்தான் இருக்கும். கோயம்புத்தூரில் இருந்து வைப்ரேஷன் பார்க்க ஆள் வரச் சொன்னால், வந்து போகிற செலவோடு அவர் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய பல்வரைசரே வாங்கிவிடலாம். அப்போதுதான் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டுமானக் கிரேன் காற்றில் ஆடுகிற வீடியோ கண்ணில் பட்டது. முதலில் சும்மா நிற்கிற கிரேன். அடுத்து அதே வீடியோ, கிரேன் ஆடி அசைகிறது. கண்ணுக்குத் தெரியாத அசைவைக் கம்ப்யூட்டர் பெருக்கிக் காட்டுகிறது என்று சொன்னார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வில்லியம் ஃப்ரீமன், ஃப்ரெடோ டுராண்ட், மைக்கேல் ரூபின்ஸ்டைன் போன்றவர்கள் சேர்ந்து செய்த வேலை இது. 2005-லேயே ஒரு முறை வந்திருக்கிறது. அது ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று துரத்திக் கணக்குப் போடும், ரொம்ப நேரம் பிடிக்கும். 2012-ல் வந்தது வேறு மாதிரி. புள்ளியைத் துரத்தாமல், படத்தில் ஒரே இடத்தை விடாமல் பார்த்து, அங்கே வெளிச்சம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கத்தில் நமக்கு வேண்டிய வேகத்தில் துடிப்பதை மட்டும் வடிகட்டி, அதைப் பல மடங்கு பெருக்கி, பழைய படத்தோடு திரும்பச் சேர்த்துவிடும். 2013-ல் அதையே இன்னும் மேம்படுத்தினார்கள். படத்தைச் சின்னச் சின்ன அலைகளாகப் பிரித்து, அலை எவ்வளவு தள்ளிப்போனது என்பதைப் பெருக்குகிற முறை அது. இதில் புள்ளிப்புள்ளியாக வருகிற இரைச்சல் அவ்வளவாகப் பெருகாது. மிஷினுக்கு இந்த 2013 முறைதான் நல்லது. 2012-ல் செய்தவர்கள் தங்கள் மேட்லாப் புரோகிராமை ஆராய்ச்சிக்காக வெளியிட்டார்கள். அதே கணக்கைப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி இலவசமாகப் போட்டவர்களும் இருக்கிறார்கள். நான் பயன்படுத்தியது அப்படி ஒன்று.

படிக்க எளிதாகத்தான் இருந்தது. செய்துபார்க்கும்போதுதான் ஒவ்வொரு முட்டுக்கட்டையாக வந்தது. அந்த முட்டுக்கட்டைகளைத்தான் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் மிஷின் நொடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் மோட்டார் பிளேட்டில் 1440 ஆர்.பி.எம். என்று போட்டிருக்கிறது. 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 24. மோட்டார் புல்லி 7 அங்குலம், மிஷின் புல்லி 4 அங்குலம். ஆக ரோட்டர் நிமிஷத்துக்கு 2520, நொடிக்கு 42. பெல்ட் வழுக்கலில் கொஞ்சம் குறையும். இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது போன். சாதாரண வீடியோ நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம். ஒரு துடிப்பை உள்ளபடி பிடிக்க அதன் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிரேம் வேண்டும். 30 பிரேமில் 15-க்கு மேற்பட்ட துடிப்பெல்லாம் பொய் வேகத்தில்தான் தெரியும். நொடிக்கு 24 முறை ஆடுகிற மோட்டார் 6 முறை ஆடுவதாகத் தெரியும், 42 முறை ஆடுவது 12 முறை ஆடுவதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு பெல்ட் மேல் சந்தேகப்பட்டால் இன்னொரு ஐந்தாயிரம் போகும். அதனால் ஸ்லோ மோஷன் 240 பிரேம் வேண்டும். அதிலும் பாருங்கள், சில போன்கள் 120 எடுத்துவிட்டு நடுவில் கற்பனைப் பிரேமைச் செருகி 240, 960 என்று காட்டும். கற்பனைப் பிரேமைப் பெருக்கினால் கற்பனை ஆட்டம்தான் வரும். இன்னொரு சிக்கல், ஸ்லோ மோஷன் ஃபைல் பல போன்களில் 30 பிரேம் ஓட்டமாகவே சேமிக்கப்படும். புரோகிராமிடம் உண்மையான 240-ஐ நாம்தான் சொல்ல வேண்டும். அண்ணன் மகனின் போனில் உண்மையான 240 இருந்தது, அதை வாங்கிக்கொண்டேன்.

வெளிச்சத்தில்தான் எனக்கு ரொம்ப நாள் போனது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் விலை குறைந்த எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, வேகமான கேமராவுக்குத் தெரியும். 120 பிரேமில் எடுத்தால் அந்த மினுக்கம் 20 என்று பொய் வேகத்தில் வந்து நிற்கும், மோட்டாரின் 24-க்குப் பக்கத்திலேயே. கொஞ்சம் அசந்தால் லைட்டின் மினுக்கத்தை மோட்டாரின் ஆட்டம் என்று நினைத்துவிடுவோம். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, மில் வாசல் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, பத்து பதினோரு மணி வெயில் உள்ளே விழுகிற நேரத்தில் எடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அப்படி ஒரு உபயோகம். வெளிச்சம் நிறைய இருந்தால் பிரேமும் மங்காமல் கூர்மையாக விழும்.

போனைக் கையில் பிடித்து எடுக்கவே கூடாது, போனின் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிட வேண்டும். நான் டிரைபாடை மில் தரையிலேயே வைத்து எடுத்த முதல் வீடியோவைப் பெருக்கியபோது மிஷினும் ஆடியது, பின்னால் இருந்த சுவரும் ஆடியது, சுவரில் தொங்கிய காலண்டர் முருகனும் ஆடினார். தரை நடுங்க, கேமரா நடுங்க, எல்லாம் நடுங்குவதாகத் தெரிந்தது. அப்புறம் வாசலுக்கு வெளியே, தனியாக நிற்கிற திண்ணையில் மணல் மூட்டை போட்டு அதன்மேல் டிரைபாடை வைத்து ஜூம் பண்ணி எடுத்தேன். அசையாது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் எப்போதும் படத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு அது பின்சுவர். சுவர் ஆடினால் அந்த வீடியோவை நம்பாதீர்கள், அழித்துவிட்டு வேறு எடுங்கள்.

பெயின்ட் அடித்த வழவழப்பான பரப்பில் ஒன்றும் தெரியாது. கோடு, ஓரம், எழுத்து ஏதாவது இருந்தால்தான் அசைவு பிடிபடும். நான் மிஷினை நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டு, மோட்டார், பேரிங் கூடு, அடியில் இருக்கிற இரும்பு பெட், அதற்கும் கீழே கான்கிரீட், பக்கத்துத் தரை எல்லாவற்றிலும் தினத்தாளைக் கிழித்துப் பசையால் ஒட்டினேன். ஓடுகிற மிஷின் பக்கத்தில் போகாதீர்கள். வீடியோவுக்காக பெல்ட் கவரைக் கழற்றாதீர்கள். சேலை, துப்பட்டா கட்டியிருக்கிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொண்டேன், அதோடு அந்த வீடியோ போச்சு. வாட்ஸ்அப் அமுக்கி அனுப்பும்போது முதலில் தூக்கி எறிவது இந்த மாதிரிச் சின்னச் சின்ன மாற்றங்களைத்தான். கேபிள் போட்டு ஏற்றுங்கள். மகளின் லேப்டாப் சின்னது, அரை நிமிஷ வீடியோவைக் கொடுத்தால் மெமரி போதாமல் செத்துவிடும். நாலு நொடி போதும். 240 பிரேமில் அதுவே 960 படம். படத்தில் வேண்டாத ஓரங்களையும் வெட்டிவிட்டேன். இரவு படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் பார்ப்பேன்.

வடிகட்டியில் முதலில் 22-இல் இருந்து 26 வரை கொடுத்தேன், மோட்டாருக்காக. பெருக்கம் 20 மடங்கு. மோட்டார் லேசாக அசைந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு தடவை வைண்டிங் கட்டிய காசு நினைவுக்கு வந்தது. அடுத்து 40-இல் இருந்து 44, ரோட்டருக்காக. அந்த வீடியோ ஓடியபோது நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சுடலைமாடன் கொடையில் சாமி வந்தவர் ஆடுவதுபோல மிஷின் ஆடியது. ஆனால் என் கண் போனது மிஷினுக்குக் கீழே. இரும்பு பெட்டின் நாலு மூலையில் மூன்று மூலை சும்மா இருந்தது. ஆற்றுப் பக்கச் சுவரை ஒட்டிய ஒரு மூலை மட்டும் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அதற்கு நேர் மேலேதான் அந்தப் பேரிங்.

அந்த மூலைப் போல்ட்டை ஒவ்வொரு ஃபிட்டரும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்த்ததுண்டு. இறுக்கமாகத்தான் இருந்தது. வீடியோவைத் திரும்ப ஓட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பெட்டில் ஒட்டிய தாளும் அதன் கீழே கான்கிரீட்டில் ஒட்டிய தாளும் சேர்ந்தே எழுந்தன. பக்கத்துத் தரையில் ஒட்டிய தாள் அசையவில்லை. பெட், போல்ட், அதைப் பிடித்திருந்த கான்கிரீட் துண்டு மூன்றும் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் எப்படிக் கண்டுபிடிக்கும்? திரையில் ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் எழுவதாகத் தெரிந்தது. 20 மடங்கு பெருக்கியது என்றால் உண்மையில் 0.2 மில்லிமீட்டர். வீடியோவில் அது ஒரு பிக்சல்கூட இல்லை. நொடிக்கு 42 முறை அந்த 0.2 மில்லிமீட்டர் தூக்கிப் போட்டால் எந்தக் கம்பெனிப் பேரிங் நிற்கும்?

வீடியோவைத் தம்மாமுக்கு அனுப்பினேன். டாக்குமென்டாக. அவர் பார்த்துவிட்டு பயந்துபோய், மில்லை உடனே நிறுத்து, மிஷின் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்றார். இது பெருக்கியது, உண்மையில் இரண்டு மூன்று தலைமுடி கனம்தான் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யாருக்குக் காட்டினாலும் பெருக்காத வீடியோவை முதலில் காட்டுங்கள்.

எங்கள் பக்கம் பழைய ஃபிட்டர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், இப்போது அதிகம் வேலைக்குப் போவதில்லை. அவரை வரச் சொல்லிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் ஆட வைக்கலாம்லா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதுவரை வந்தவர்களில் காரணத்தை என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆளும் அவர்தான். “அண்ணாச்சி, பின்னால சுவத்தப் பாருங்க, அது ஆடலையே” என்றேன். சுவரை இன்னொரு தடவை பார்த்தார். ஒரு குவளையில் சோப்பைக் கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். தரைப் பூச்சும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தள்ளி நின்று, மிஷினைப் போடச் சொன்னார். மூன்று மூலையில் தண்ணீர் சும்மா நின்றது. ஆற்றுப் பக்க மூலையில் ஒரு கோடு பிடித்து நுரை பொங்கியது. “உள்ள விரிசல் இருக்கு. மூச்சு விடுது பாரு” என்றார்.

லேப்டாப்பும் பைத்தானும் தெரியாதவர்கள் இந்தச் சோப்புத் தண்ணீர் வேலையை மட்டுமாவது செய்துபாருங்கள். சோப்புக்குப் பதிலாக எண்ணெயும் விடலாம். ஆட்டம் இருக்கிற இணைப்பில் எண்ணெய் உள்ளே போய்ப் போய் வெளியே வரும். நூலளவு அசைவை அளக்கிற டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. மிஷின் நிற்கும்போது ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, பெட் எவ்வளவு எழுகிறது என்று பாருங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழுந்தால் அந்தக் கால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எங்கள் கேஸில் போல்ட்டைத் தளர்த்தினால் தெரிந்திருக்காது, கான்கிரீட்டே தனியாகக் கிடந்ததால்.

உடைத்துப் பார்த்தோம். வெள்ளத்தில் ஆற்றுப் பக்கச் சுவருக்கு அடியில் தண்ணீர் புகுந்து, அந்த மூலைக்குக் கீழே மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. கையை விட்டால் முழங்கை வரை போனது. அடியில் பிடிமானம் இல்லாமல் கான்கிரீட் ஒரு மூலை விண்டிருந்தது. அந்த விரிசலுக்கு மேல்தான் நாங்கள் தை மாதம் புதுப் பூச்சு பூசி, மொழுமொழுவென்று ஆக்கி வைத்திருந்தோம். வெள்ளம் புகுந்த கட்டிடங்களில் மிஷின் வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். மோட்டாரையும் வயரையும் எல்லாரும் பார்ப்பார்கள், தரைக்கு அடியில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மண்ணை நிரப்பிக் கெட்டித்து, அந்தப் பக்கத்து ஃபவுண்டேஷனைக் கம்பி கட்டிப் புதுசாகப் போட்டு, புது போல்ட் புதைத்தோம். பெட்டை ரசமட்டம் பார்த்துத் தகடு கொடுத்து நிறுத்தி, அடியில் காயும்போது சுருங்காத கிரவுட் கலவை ஊற்றினோம். காய்கிற வரை மிஷினைப் போடக்கூடாது என்று அண்ணாச்சி சாவியையே வாங்கி வைத்துக்கொண்டார். கடைசியில் நூல் பிடித்து இரண்டு புல்லியையும் நேராக்கினார். எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ஆனது. அண்ணாச்சி கூலி என்று வாங்கிக்கொண்டது கொஞ்சம்தான். மறுபடி அதே இடத்தில் டிரைபாடை வைத்து, அதே பத்தரை மணி வெயிலில், அதே 40–44, அதே 20 மடங்கில் எடுத்தேன். மூலை அசையவில்லை. அந்த பேரிங் அடுத்த பங்குனியைத் தாண்டி ஓடியது. இப்போதும் ஓடுகிறது. மிஷின் நன்றாக இருக்கும்போதே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதில் ஆகாத காரியங்களும் உண்டு. கேமராவை நோக்கி முன்னும் பின்னும் ஆடுவது தெரியாது, குறுக்கே ஆடுவதுதான் தெரியும். அதனால் முன்னால் இருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுங்கள். பெருக்கத்தை 10-இல் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். 50, 100 என்று போனால் ஓரங்கள் நெளிந்து, இல்லாத ஆட்டமெல்லாம் வரும். பேரிங்குக்குள்ளே உருண்டை விரிசல் விட்டிருப்பது, வளையத்தில் பொரிந்திருப்பது இதில் தெரியாது. அந்தச் சத்தம் நொடிக்கு ஆயிரக்கணக்கில் துடிப்பது, 240 பிரேமுக்கு எட்டாது.

மகள் இதையே மனுஷ முகத்தில் செய்துபார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறி இறங்கும்போது நிறம் நூலளவு மாறும், 2012-ல் அந்த அமெரிக்கக் குழு காட்டிய முக்கியமான விஷயம் அதுதான். மாமியாரை ஜன்னல் வெளிச்சத்தில் அசையாமல் உட்கார வைத்து, நொடிக்கு ஒரு துடிப்பை ஒட்டி வடிகட்டிப் பெருக்கினாள். முகம் சிவப்பதும் வெளுப்பதுமாகத் தெரிந்தது. “எதுக்குட்டி என் மூஞ்சிக்குக் கலர் அடிக்கே, அழிச்சிரு அதை” என்று ஒரே சண்டை. நாடித் துடிப்பு கணக்குக்குச் சரியாகத்தான் வந்தது. விளையாட்டுக்குச் சரி, நெஞ்சு வலிக்கிறது என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இப்போது அக்கம்பக்கத்து மில்காரர்கள் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு வாங்குவீர்கள் என்றும் கேட்கிறார்கள். பணம் வாங்குவதில்லை. அந்த முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை இருக்கிறது, தொழிலாகச் செய்வதற்கு உரிமம் வேண்டுமோ என்னவோ. பக்கத்தில் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், அண்ணாச்சியும் கூட வருவார். போன மாதம் ஒரு ரைஸ் மில் புளோயருக்குப் போனோம். வெயில் பார்த்து, தாள் ஒட்டி, ஒரு காலைப் பொழுதையே செலவழித்து எடுத்தேன். எந்த மூலையும் அசையவில்லை, எந்த போல்ட்டும் ஆடவில்லை. நான் லேப்டாப்பில் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பேரிங் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். “இது பேரிங்தான் தாயி” என்றார். மாற்றினார்கள், சத்தம் நின்றுவிட்டது.